ஃபைல் சிங்க் சர்வர் எழுதப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோவுக்கு ஃபைல் சிங்க் சர்வர் எழுதிக் கொடுத்து, இன்று வரை அதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். தலைமைக் கடை மேலமாசி வீதிப் பக்கம். கிளைகள் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி. படம் எடுப்பது ஒரு ஊரில், ஆல்பம் டிசைன் இன்னொரு ஊரில், பிரின்ட் மதுரையில் என்பதால் எல்லாக் கடையிலும் ஒரே ஃபோல்டர் ஒரே மாதிரி தெரிய வேண்டும். இதுபோல ஒன்றை எழுத ஆரம்பித்த தம்பிகள் நாலைந்து பேர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கிளையன்ட், அதாவது ஒவ்வொரு கடை மெஷினிலும் ஓடும் ப்ரோக்ராம், வேறு கதை, இங்கே சர்வர் மட்டும்தான்.

சிங்க்திங், நெக்ஸ்ட்கிளவுட் என்று ஆயத்த சிங்க் மென்பொருள் எல்லாம் இருக்கும்போது எதற்கு சொந்தமாக எழுத வேண்டும்?

பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் வேலை அவற்றில் முடிந்துவிட்டால் இத்தோடு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. எங்களுக்கு எந்தக் கிளை எந்த ஆல்பத்தை முழுதாக வாங்கிவிட்டது என்று மதுரையில் ஒரே இடத்தில் தெரிய வேண்டியிருந்தது, சிங்க்திங்கில் அப்படி ஒரு நடு சர்வரே கிடையாது, எல்லா மெஷினும் ஒன்றுக்கொன்று நேராகப் பேசிக்கொள்ளும். அப்புறம், உண்மையைச் சொன்னால், எழுதிப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

சர்வர் உண்மையில் என்ன வேலை செய்கிறது? ஃபைலை வாங்கி வைத்து, கேட்டவருக்குக் கொடுப்பதுதானே?

அப்படி நினைத்துத்தான் நானும் முதல் பதிப்பை எழுதினேன், அதைத் தூக்கிப் போட ஆறு மாதம் ஆனது. ஃபைலை வாங்கிக் கொடுப்பது சின்ன வேலை. கணக்கு எழுதுவதுதான் சர்வரின் வேலை.

பழைய மளிகைக் கடையில் நாள்வழி, பேரேடு, கிடங்கு என்று மூன்று இருக்கும் அல்லவா, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாள்வழியில் நடந்தது நடந்த வரிசையில் ஏறும்: 41ஆவது வரி, மேலூர் மெஷின் இந்த ஃபைலைச் சேர்த்தது, 42ஆவது வரி, உசிலம்பட்டி இதை அழித்தது. எழுதியதைத் திருத்தக் கூடாது, அடியில் சேர்க்க மட்டும்தான் செய்யலாம். பேரேடு என்பது இந்த நிமிடத்தில் எந்த ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்ற அட்டவணை, நாள்வழியை முதலிலிருந்து படித்தால் பேரேட்டை மறுபடி உருவாக்கிவிட முடிய வேண்டும். கிடங்கில் சரக்கு, அதாவது ஃபைலின் உள்ளடக்கம். கிடங்குக்குப் பெயரும் தெரியாது, ஃபோல்டரும் தெரியாது, ஹாஷ் எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான எண்) சொன்னால் மூட்டையை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவே.

இந்த மூன்றையும் நீங்கள் எங்கே கலக்கிறீர்களோ அங்கேதான் பின்னால் வலி வரும்.

ஃபைலை முழுதாக வைக்காமல் எதற்குத் துண்டு போட வேண்டும்? எவ்வளவு பெரிய துண்டு?

அப்லோட் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பெரிய ஃபைலில் ஒரு மூலை மட்டும் மாறினால் அந்தத் துண்டை மட்டும் அனுப்பலாம், ஒரே படத்தை நாலு ஃபோல்டரில் போட்டாலும் கிடங்கில் ஒரு பிரதிதான் இருக்கும். நாங்கள் 4 எம்பி வைத்திருக்கிறோம். 1 ஜிபி ஃபைல் என்றால் 256 துண்டு, ஒவ்வொன்றுக்கும் 32 பைட் ஹாஷ், ஆக மொத்தம் 8 கேபி பட்டியல். இது டேட்டாபேஸுக்குக் கொசுக்கடி. 64 கேபி என்று போட்டுப் பாருங்கள், அதே ஃபைலுக்கு 16,384 துண்டு, டிஸ்க் முழுக்கக் குட்டிக் குட்டி ஃபைலாகிவிடும்.

நிலையான அளவில் ஒரு குறை உண்டு. ஃபைலின் ஆரம்பத்தில் ஒரு பைட் நுழைந்தால் எல்லாத் துண்டும் ஒரு பைட் தள்ளிப்போய் எல்லா ஹாஷும் மாறிவிடும். இதற்குத்தான் உள்ளடக்கத்தைப் பார்த்து எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் முறை இருக்கிறது, ஃபாஸ்ட்சிடிசி என்று தேடினால் 2016இல் வந்த கட்டுரை கிடைக்கும். நானும் அதை எழுதி வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஆனால் எங்களிடம் இருப்பது கேமரா ராவும் ஜேபெக்கும். அவற்றுக்கு நடுவே யாரும் பைட் நுழைப்பதில்லை, ஒன்று அப்படியே கிடக்கும் அல்லது முழுக்க மாறும். அதனால் எடுத்துவிட்டேன். உங்களுடையது எழுத்து ஃபைலோ விர்ச்சுவல் மெஷின் இமேஜோ என்றால் கணக்கே வேறு, உங்கள் ஃபைலை வைத்து அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆர்சிங்க் செய்வதையே செய்தால் என்ன?

1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் கொடுத்த, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அந்த முறை அழகானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது இரண்டு பேருக்கு நடுவே ஒரு பழைய பிரதி, ஒரு புதிய பிரதி என்ற நிலைமைக்கு எழுதப்பட்டது. வாங்கும் பக்கம் தன்னிடமுள்ள பழைய ஃபைலைப் படித்துச் சரிபார்ப்பு எண் போட்டு அனுப்ப வேண்டும், கொடுக்கும் பக்கம் தன் புது ஃபைலை முழுதும் படித்து அதோடு ஒப்பிட வேண்டும். சர்வர் ஒன்று, கேட்பவர் இருபது பேர் என்று ஆகும்போது அந்த ஒப்பிடும் வேலை இருபது தடவையும் சர்வர் தலையில் விழும். ஹாஷ் பட்டியல் முறையில் கேட்கும் ஒவ்வொருவருக்கும் சர்வர் புதிதாகக் கணக்குப் போட வேண்டாம், "இது இருக்கிறது, இது இல்லை" என்று சொன்னால் போதும்.

எந்த ஹாஷ்? இரண்டு வேறு துண்டுக்கு ஒரே ஹாஷ் வந்துவிட்டால்?

எஸ்எச்ஏ-256. வராது. எஸ்எச்ஏ-1க்கு மட்டும் போகாதீர்கள், 2017இலேயே ஒரே ஹாஷ் வரும் இரண்டு பிடிஎஃப் செய்து காட்டிவிட்டார்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். கிளையன்ட் சொல்லும் ஹாஷை சர்வர் நம்பக் கூடாது, வந்து சேர்ந்த பைட்டுகளுக்கு சர்வரே ஹாஷ் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று: "இந்த ஹாஷ் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறதா, சரி, அதை என் ஃபைலாகச் சேர்த்துக்கொள்" என்று ஒருவர் ஹாஷை மட்டும் கொடுத்தால் அடுத்தவருடைய சரக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம். 2011இல் டிராப்பாக்ஸில் டிராப்ஷிப் என்ற ப்ரோக்ராம் செய்தது இதைத்தான். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் கிடங்கைப் பிரித்துவிட்டால் தொல்லை இல்லை, கொஞ்சம் டிஸ்க் கூடுதலாகப் போகும், போகட்டும்.

அப்லோட் நடக்கும்போது கரன்ட் போனால்?

இதற்கு நான் கட்டணம் கட்டிப் படித்திருக்கிறேன். ஆவணி முகூர்த்த நாள், நான்கு கடையிலிருந்தும் படம் ஏறிக்கொண்டிருந்தது, யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனது யாருக்கும் தெரியாது. கரன்ட் போய் வந்த பிறகு எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருந்தது. மூன்று நாள் கழித்து டிசைன் செய்யும் அக்கா போன் செய்து, "தம்பி, தாலி கட்டுற படம் திறக்க மாட்டேங்குது" என்றார். கிடங்கில் போய்ப் பார்த்தால் ஹாஷ் பெயரில் ஃபைல் இருக்கிறது, அளவு சுழியம். டேட்டாபேஸ் மட்டும் "இருக்கிறது" என்று சாதிக்கிறது. நல்லவேளை கேமரா கார்டை யாரும் இன்னும் அழிக்கவில்லை.

காரணம் இதுதான். ரைட் என்று நீங்கள் கூப்பிட்டதும் தரவு டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை, மெமரியில் நிற்கிறது. அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் தற்காலிகப் பெயரில் எழுது, எஃப்சிங்க் (மெமரியில் நிற்பதை டிஸ்க்கில் இறக்கும் கட்டளை) கூப்பிடு, அப்புறம்தான் உண்மைப் பெயருக்கு ரீநேம் செய், அப்புறம் அந்த டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். இத்தனையும் முடிந்த பிறகுதான் டேட்டாபேஸில் "இந்தத் துண்டு இருக்கிறது" என்று எழுதலாம். சரக்கு கிடங்கில் இறங்கும் முன் நாள்வழியில் வரவு வைக்கிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வைத்திருக்க மாட்டார் இல்லையா. தற்காலிக ஃபைல் அதே ஃபைல்சிஸ்டத்திலேயே இருக்கட்டும், வேறு டிஸ்க்கில் இருந்தால் ரீநேம் தோற்றுவிடும்.

நடுவில் எங்கே விழுந்தாலும் மிஞ்சுவது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுதான், அதைப் பிறகு கூட்டித் தள்ளிவிடலாம். கிளையன்ட் திரும்ப வந்து "இந்த 256இல் உன்னிடம் எது இல்லை?" என்று கேட்டு இல்லாததை மட்டும் அனுப்பும். ஒரே துண்டை இரண்டு தடவை அனுப்பினாலும் ஒன்றும் கெடாது.

இரண்டு கடையில் ஒரே ஃபைலை மாற்றினால் எந்த நேரம் பிந்தியதோ அதை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உசிலம்பட்டி கடையில் ஒரு மெஷின் இருந்தது, மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் 2009 ஜனவரி 1 என்று காட்டும். நெட் வந்து நேரம் திருந்துவதற்குள் அங்கே சேமித்த எல்லாமே 2009ஆம் ஆண்டு ஃபைல். "பிந்தியது வெல்லும்" என்று வைத்திருந்தால் அந்தக் கடைக்காரர் காலையில் செய்த வேலை என்றைக்குமே வென்றிருக்காது. இது போதாதென்று பென் டிரைவில் வரும் ஃபேட் ஃபைல்சிஸ்டம் நேரத்தை இரண்டு நொடிக்கு ஒரு தடவைதான் குறிக்கும். நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், திரையில் காட்டுங்கள், அதை வைத்து முடிவு மட்டும் எடுக்காதீர்கள்.

கிளையன்ட் ஒவ்வொரு மாற்றத்தோடும் "நான் 41ஆவது பதிப்பின் மேல் இதைச் செய்தேன்" என்று சொல்ல வேண்டும். பேரேட்டில் இன்னும் 41 என்றே இருந்தால் ஏற்றுக்கொண்டு 42 ஆக்குங்கள். அதற்குள் வேறு யாரோ 42 ஆக்கிவிட்டார்கள் என்றால் 409 (மோதல் என்று சொல்லும் எச்டிடிபி பதில் எண்) அனுப்புங்கள். பார்ப்பதும் மாற்றுவதும் ஒரே எஸ்க்யூஎல் வரியில் நடக்க வேண்டும், முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றினால் நடுவே இன்னொருவர் புகுந்துவிடுவார்.

409 வந்த பிறகு?

சர்வருக்கு அதில் வேலை இல்லை. கிளையன்ட் தன்னுடையதை "மேலூர் பிரதி" என்று பெயர் ஒட்டிப் புது ஃபைலாக அனுப்பும், மனிதர் பார்த்து ஒன்றை அழிப்பார். ஆல்பம் ஃபைலை ப்ரோக்ராம் ஒன்றாகச் சேர்க்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

டேட்டாபேஸ் எது? எஸ்க்யூலைட் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் வால் (WAL) முறையைப் போட்டுவிட்டால் ஒருவர் எழுதும்போதே மற்றவர் படிக்கலாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. நாங்கள் அதில்தான் ஆரம்பித்தோம். பிறகு போஸ்ட்கிரெஸுக்கு மாறினோம், மாறிய மூன்றாம் வாரத்தில் அடுத்த கேள்விக்கான பதிலைக் கற்றுக்கொண்டோம்.

கடைசியாகப் பார்த்த எண்ணைக் கொடுத்து அதற்கு மேல் உள்ளதைக் கேட்கிறேன். சில மாற்றம் எப்போதாவது காணாமல் போகிறது, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

திருமங்கலத்தில் ஒரு ஆல்பத்தில் ஒரே ஒரு படம் இல்லை. மற்ற எல்லாக் கடையிலும் இருக்கிறது. சர்வரில் இருக்கிறது. கிளையன்ட் "நான் முழுதும் வாங்கிவிட்டேன்" என்கிறது, லாகில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

நடந்தது இது. நாள்வழி எண்ணை போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸிலிருந்து, அதாவது வரிசையாக எண் கொடுக்கும் வசதியிலிருந்து, எடுத்தேன். மேலூரின் ட்ரான்சாக்ஷன் (ஒரே கட்டாக நடக்கும் டேட்டாபேஸ் வேலை) 501 என்ற எண்ணை வாங்கிக்கொண்டது, ஆனால் அதில் வேலை அதிகம், கமிட் ஆகவில்லை, அதாவது முடிந்து உறுதியாகவில்லை. உசிலம்பட்டியின் ட்ரான்சாக்ஷன் 502 வாங்கி உடனே கமிட் ஆகிவிட்டது. அந்த நொடியில் திருமங்கலம் வந்து "500க்கு மேல் என்ன?" என்று கேட்கிறது. 501 இன்னும் கமிட் ஆகாததால் யார் கண்ணுக்கும் தெரியாது, 502 மட்டும் போகிறது. திருமங்கலம் தன் குறிப்பில் 502 என்று எழுதிக்கொள்கிறது. அரை நொடி கழித்து 501 கமிட் ஆகிறது. இனி திருமங்கலம் எப்போது கேட்டாலும் "502க்கு மேல்" என்றுதான் கேட்கும். 501 அதற்கு ஆயுளுக்கும் கிடைக்காது.

எஸ்க்யூலைட்டில் இது வந்ததே இல்லை, ஏனென்றால் எழுதுபவர் ஒரே ஆள், எண் வாங்கிய வரிசையும் கமிட் வரிசையும் ஒன்றேதான். நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன், காப்பாற்றியது அந்தக் கட்டுப்பாடு.

மருந்து எளிது. சீக்வென்ஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எண்ணிக்கைக்கென்று ஒரு டேபிளில் ஒரு வரி வையுங்கள். ட்ரான்சாக்ஷனின் கடைசி வேலையாக அந்த வரியில் ஒன்றைக் கூட்டி, வந்த எண்ணை நாள்வழியில் எழுதி உடனே கமிட் செய்யுங்கள். அந்த வரியின் பூட்டு கமிட் வரை இருக்கும் என்பதால் அடுத்தவர் காத்திருந்துதான் எண் வாங்க முடியும், தோற்ற ட்ரான்சாக்ஷனின் எண்ணும் திரும்பிவிடும், நடுவில் ஓட்டை விழாது. மெதுவாகிவிடாதா என்று கேட்பார்கள். நாலு கடைக்கும் நாற்பது மெஷினுக்கும் ஆகாது. கூட்டுவதை ட்ரான்சாக்ஷனின் ஆரம்பத்தில் வைத்தால்தான் எல்லோரும் க்யூவில் நிற்பார்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் இரட்டிப்பாகின்றன. என் கோடில் என்ன தப்பு?

கோடில் தப்பில்லை, "பொ"வில் இருக்கிறது. யூனிகோடில் "பொன்னி" என்று எழுத இரண்டு வழி உண்டு: ப என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தெண்ணாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு எழுத்தெண்ணாகப் போடலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது, பைட்டுகள் வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. விண்டோஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைக்கும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல்சிஸ்டம் எல்லாவற்றையும் பிரித்துத்தான் வைக்கும். எங்கள் தலைமைக் கடையில் ஒரு பழைய மேக் உண்டு, விண்டோஸிலிருந்து போன "பொன்னி கல்யாணம்" அங்கே பிரிந்து, புது ஃபைல் என்று திரும்பி வந்து, அக்கா "ஒரே பேர்ல ரெண்டு இருக்கே, எதைத் திறக்க?" என்று கேட்டார். சர்வருக்குள் நுழையும் ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து ஒரே எழுத்தெண்ணாக்கும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒப்பிடுவது அதில்தான்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. "ஔவை"யை சிலர் ஒ போட்டு, பக்கத்தில் ளகரத்தைப் போட்டு அடிப்பார்கள், அது யூனிகோடைப் பொறுத்தவரை வேறு சொல். அதைச் சர்வர் திருத்தப் போகக் கூடாது.

நீளம் அடுத்த வம்பு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் ஒரு பெயர் 255 பைட் வரைதான். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தெண் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85தான் கொள்ளும், அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி எண்ணிக்கை. விண்டோஸில் அதே 255 என்பது பைட் கணக்கல்ல, யுடிஎஃப்-16 கணக்கு, அதனால் அங்கே 100 எழுத்துப் பெயர் சுகமாக உட்காரும். நம் ஊரில் ஃபோல்டர் பெயரைப் பத்திரிகை மாதிரியே வைப்பார்கள், மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி, ரிசப்ஷன் வரை. லினக்ஸுக்கு வந்ததும் பெயர் நீளம் என்று தூக்கி எறியும். அப்புறம் பட்டம்: "பி.ஏ." என்றோ "பி.இ." என்றோ முடியும் ஃபோல்டரை மேக்கில் உருவாக்கினால், விண்டோஸ் கடைசிப் புள்ளியை விழுங்கிவிடும், கிளையன்ட் அதைப் பெயர் மாற்றம் என்று நினைத்துச் சர்வரிடம் சொல்லும், அது மேக்குக்குப் போகும். பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் ஃபைல் பெயரையும் அதிலேயே அடித்தால் புள்ளி எழுத்துக்கெல்லாம் அரைப்புள்ளிக் குறி விழும், பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் அதைக் கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே தற்காப்புதான்: சர்வருக்குள் ஃபைலின் அடையாளம் ஒரு எண்ணாக இருக்கட்டும், பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டாக இருக்கட்டும். கிடங்கில் டிஸ்க் மேல் இருப்பதெல்லாம் ஹாஷ் பெயர்கள், தமிழ்ப் பெயர் டிஸ்க்கைத் தொடவே தொடாது. இரண்டு புள்ளி வைத்து மேல் ஃபோல்டருக்குத் தாவும் திருட்டு வேலையும் அதே அடியில் அடிபடும்.

ஃபோல்டர் பெயரை மாற்றினால் உள்ளே உள்ள பத்தாயிரம் ஃபைலுக்கும் நாள்வழி எழுத வேண்டுமா?

முழுப் பாதையைச் சேமித்தால் ஆமாம். ஒவ்வொரு ஃபைலும் தன் தாய் ஃபோல்டரின் எண்ணை மட்டும் வைத்திருந்தால் ஒரே வரிதான். கவனிக்க வேண்டியது, மேலூர் "அ"வை "ஆ"வுக்குள் நகர்த்தும் அதே நேரத்தில் உசிலம்பட்டி "ஆ"வை "அ"வுக்குள் நகர்த்துவது. இரண்டையும் ஏற்றுக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக்கொண்டு மரத்தைவிட்டே போய்விடும். நகர்த்துவதை ஒரு நேரத்தில் ஒன்று என்று பூட்டி, அந்த ட்ரான்சாக்ஷனுக்குள் மேலே மேலே ஏறிப் பார்த்து, வட்டம் வந்தால் மறுத்துவிடுங்கள்.

அழித்த ஃபைல் திரும்பத் திரும்ப உயிர்த்து எழுகிறது.

வரியை டேட்டாபேஸிலிருந்து நிஜமாகவே அழித்திருப்பீர்கள். அழித்ததும் ஒரு பதிவு, "செத்தது" என்று குறியிட்டு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் பீரோவில் கிடந்த லேப்டாப்பைத் திறந்ததும் அதிலுள்ள பழையதெல்லாம் புது ஃபைலாகப் படையெடுக்கும். இந்தச் சாவுக் குறிகளை எத்தனை நாள் வைப்பீர்கள் என்பது உங்கள் முடிவு, நாங்கள் ஒரு வருடம். அதற்கும் பழைய எண்ணோடு வரும் மெஷினுக்கு 410 (அது இப்போது இல்லை என்று சொல்லும் பதில் எண்) அனுப்பி, முழுப் பேரேட்டையும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.

யாரும் பயன்படுத்தாத துண்டுகளை எப்படிக் கூட்டித் தள்ளுவது?

ஒவ்வொரு துண்டையும் எத்தனை ஃபைல் பயன்படுத்துகிறது என்று எண்ணிக்கை வைத்துக் கழிக்கலாம் என்று தோன்றும், ஒரு இடத்தில் தப்பினால் உயிருள்ள துண்டு போய்விடும். முழுப் பேரேட்டையும் படித்து, எதிலும் இல்லாததை மட்டும் எடுப்பது மெதுவானது, ஆனால் தூக்கம் வரும். ஒரு பொறி மட்டும் இருக்கிறது: கிளையன்ட் "இந்தத் துண்டு இருக்கிறதா" என்று கேட்கிறது, "இருக்கிறது" என்று சொல்கிறீர்கள், அந்த இடைவெளியில் கூட்டுபவர், அதாவது கூட்டித் தள்ளும் ப்ரோக்ராம், வந்து அதை எடுத்துவிடுகிறார், கிளையன்ட் அதை நம்பி ஃபைலைப் பதிகிறது. ஆகவே "இருக்கிறது" என்று சொல்லும்போதே அந்தத் துண்டின் தேதியைப் புதுப்பியுங்கள், ஏழு நாளுக்குள் தொட்ட எதையும் கூட்டாதீர்கள், பதியும் ட்ரான்சாக்ஷனிலும் ஒரு தடவை இருப்பைச் சரிபாருங்கள். எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு மாதமே இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. பெரிய துப்புரவு, டேபிள் மாற்றம், டிஸ்க் மாற்றம் எல்லாம் ஆடியில்தான்.

புது மாற்றம் வந்ததை மற்ற மெஷின்களுக்கு எப்படித் தெரிவிப்பது?

வெப்சாக்கெட் (எப்போதும் திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) வேண்டும் என்று அவசியமில்லை, லாங் போலிங் போதும். கிளையன்ட் கேட்கும், சர்வர் ஏதாவது வரும் வரை பதில் சொல்லாமல் பிடித்து வைத்திருக்கும். முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருந்தால், அமைப்பை மாற்றாதவரை அது 60 நொடி மௌனத்தில் அறுத்துவிடும், அதனால் 50ஆவது நொடியில் "ஒன்றுமில்லை" என்று நீங்களே சொல்லி அனுப்பிவிடுங்கள். அதே என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் சரக்கோடு வரும் கோரிக்கையை 413 சொல்லி மறுக்கும், 4 எம்பி துண்டு அனுப்புகிறவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்ளும் சுவர் இது. அறிவிப்பில் "ஏதோ மாறியிருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள், என்ன மாறியது என்பதை நாள்வழியிலிருந்து அவர்களே வாங்கட்டும். அறிவிப்பு தொலைந்தாலும் தரவு தொலையாது.

மறுமுயற்சியைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காலை, வைகைக் கரையோரம் போன் சிக்னல் திணறும். அங்கே நிற்கும் எங்கள் ஆட்களின் லேப்டாப் எல்லாம் மொபைல் நெட்டில், எல்லாமே ஐந்து நொடிக்கு ஒரு தடவை ஒரே சமயத்தில் மறுபடி முயன்று, சிக்னல் வந்த நிமிடம் சர்வர் மேல் மொத்தமாக விழுந்தன. காத்திருப்பை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்குங்கள், அதில் கொஞ்சம் தற்செயல் கலந்துவிடுங்கள்.

சிங்க் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

ஒரு கடையில் அழித்தால் நாலு கடையிலும் அழியும். அதுதான் சிங்க். பேக்கப் எடுக்கும்போது கூட்டுபவரை நிறுத்திவிட்டு, முதலில் டேட்டாபேஸ், பிறகு கிடங்கு என்ற வரிசையில் எடுங்கள். மாற்றி எடுத்தால் டேட்டாபேஸ் சொல்லும் சில துண்டுகள் கிடங்குப் பிரதியில் இருக்காது.

பேக்கப்பிலிருந்து மீட்கும்போது பலர் விழும் குழி ஒன்று உண்டு. நேற்று இரவின் பிரதியை மீட்டால் நாள்வழி 900இல் நிற்கும், கிளையன்ட்கள் கையிலோ 950 இருக்கும். அவை "950க்கு மேல்" என்று கேட்டுக்கொண்டே சும்மா இருக்கும், நாள்வழி புதிதாக 901 முதல் 950 வரை ஏறுவதை ஒன்றும் பார்க்காது. ஆகவே நாள்வழிக்கு ஒரு ஏட்டு எண்ணும் கொடுங்கள், மீட்டதும் அதை மாற்றுங்கள், பழைய ஏட்டு எண்ணோடு வருபவருக்கு அதே 410.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

கையால் முடியாது. மூன்று பொய்க் கிளையன்ட் எழுதி, எழுது, அழி, பெயர் மாற்று, நகர்த்து, நெட்டை அறு என்று தற்செயலாக ஆயிரக்கணக்கில் ஏவிவிட்டு, நடுநடுவே சர்வரைக் கொன்று எழுப்புங்கள். கடைசியில் மூவரிடமும் மரம் ஒன்றாக இருக்க வேண்டும். தற்செயல் எண்ணின் விதையை (அதே வரிசையை மறுபடி வரவைக்கும் தொடக்க எண்) லாகில் எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பிழையைப் பார்த்தும் பிடிக்க முடியாது. மேலே சொன்ன ஃபோல்டர் வட்டம் இப்படித்தான் மாட்டியது, நிஜத்தில் யாரும் அதைச் செய்ததே இல்லை.

இவ்வளவு எழுதிய பிறகும் உங்கள் மேலூர் கடைக்கு ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் போகிறதாமே?

போகிறது. ஒரு பெரிய கல்யாணம் 80 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஒன்பது மணி நேரம் ஆகும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர் 30 கிலோமீட்டருக்குள்தான். அதனால் சர்வரில் டிஸ்க்கிலிருந்து நேராகக் கிடங்கில் இறக்க ஒரு வழி வைத்திருக்கிறேன், கிளையன்டிலும் அதற்கு ஒரு பட்டன் உண்டு. தம்பி மேலூர் போய் டிஸ்க்கைச் செருகி அதை அழுத்துவான், அது ஹாஷ் போட்டுப் பார்த்து நாள்வழியோடு ஒப்பிடும், நெட்டில் போவது பட்டியல் மட்டும்தான். அவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும், பிறகு அதே டிஸ்க்கில் அவர்கள் எடுத்த படத்தை ஏற்றிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புவான்.